ஐஸ் அறையில் தோன்றிய இலாபம்

பேருந்து நேரத்துக்கு முன்பே வந்துவிட்டால் கலங்குகிற மனிதர் ஒருவரை நான் அறிந்திருந்தேன். தலைமன்னாரிலிருந்து மன்னார் நகருக்குப் போகும் காலைப் பேருந்து பேசாலைச் சந்திக்கு ஏழேகாலுக்கு வரவேண்டும். ஒரு நாள் அது ஏழு மணிக்கே வந்து நின்றது. காத்திருந்த நாங்கள் எல்லோரும் நல்ல காலம் என்று முண்டியடித்து ஏறினோம். அவர் மட்டும் மிதிபலகையில் ஒரு காலை வைத்தபடி நடத்துநரைப் பார்த்துக் கேட்டார்:

"தம்பி, இது எந்த பஸ்?"

"மன்னார் பஸ்தான் அண்ணை, ஏறுங்கோ."

"அது தெரியும். ஏழேகால் பஸ் முந்தி வந்திருக்கோ, ஆறரை பஸ் பிந்தி வந்திருக்கோ?"

நடத்துநர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். "ஆறரை பஸ்தான். வழியில டயர் காத்துப் போட்டுது."

அதன் பிறகே அவர் ஏறினார். என் பக்கத்தில் அமர்ந்து, பெரிய பாரம் ஒன்றை இறக்கி வைத்தவர்போல மூச்சு விட்டார். "பாத்தீங்களோ தம்பி. முந்தி வந்தது எண்டு நாங்கள் சந்தோசப்படுறது கனதரம் பிந்தி வந்ததாத்தான் இருக்கும்."

அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதாததற்கு ஒரு காரணம் உண்டு. அது தன் இடத்தில் வரும். ஊரில் எல்லோரும் அவரை 'ஐஸ் அண்ணை' என்றே அழைத்தார்கள். பாப்பாமோட்டையில் வயல் செய்கிற குடும்பத்தில் பிறந்தவர். கொழும்பில் படித்து, அங்கேயே பல ஆண்டுகள் வேலை பார்த்து, நாற்பது வயதளவில் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார். எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்துக்குச் சொந்தமான பழைய ஐஸ் தொழிற்சாலையை வாடகைக்கு எடுத்தார். ஐஸ் அப்போது நகரத்திலிருந்து லொறியில் வரத் தொடங்கியிருந்தது. கட்டடம் பூட்டிக் கிடந்தது. ஆனால் அவர் தேடிய மூன்றும் அங்கே இருந்தன: பெரிய இயந்திரங்களுக்கு இழுத்த மின்சாரம், வெயிலை உள்ளே விடாத தடித்த சுவர், உப்புக் காற்றைத் தடுக்கும் கனத்த கதவு.

அந்தக் குளிர் அறைக்குள், முன்பு மீன் பெட்டிகளை அடுக்கிய இரும்புத் தட்டுகளில், இருபத்துநான்கு கணினிகளை அவர் அடுக்கினார். எல்லாம் வேறெங்கோ கழித்துவிட்டவை. ஒன்றோடொன்று கம்பிகளால் பிணைத்து, ஒரே வேலையை இருபத்துநான்காகப் பங்கிட்டு, ஒரே நேரத்தில் செய்யும்படி அவற்றைப் பழக்கியிருந்தார். விசிறிகளின் இரைச்சல் தெருவரை கேட்கும்.

அது என்ன வேலை? என் மாமா, அம்மாவின் தம்பி, கடலுக்குப் போகிறவர், இதைத்தான் முதல் நாள் கேட்டார். ஐஸ் அண்ணை அவருக்குப் புரியும் வழியில் சொன்னார்.

"பாரை மீன் துறையில ஒரு விலை, மன்னார்ச் சந்தையில ஒரு விலை, கொழும்பில இன்னொரு விலை. என்ன?"

"இதை எனக்குச் சொல்லித் தாறீர்?"

"இல்லை, உங்களிட்டத்தான் கேக்கிறன். இது மீனில்லை, நாட்டுக் காசுகள். டொலரைக் குடுத்து யூரோ வாங்கி, யூரோவைக் குடுத்து யென் வாங்கி, யென்னைக் குடுத்துத் திரும்பவும் டொலர் வாங்கினால், போனதைவிடக் கூட வந்திட்டுது எண்டு வையுங்கோ. அப்ப எங்கேயோ ஒரு சந்தையின்ர விலை மற்றச் சந்தையோட ஒத்துப்போகேல்லை. அந்த இடைவெளி கண்ணிமைக்க முந்தி மூடிப்போடும். எத்தினை காசு, எத்தினை சந்தை, எத்தினை விதமாச் சுத்தலாம்! ஒரு கணினி சுத்தி முடிக்கேக்க ஆட்டம் முடிஞ்சு போயிரும். அதாலதான் இருபத்துநாலு."

மாமா இரும்புத் தட்டுகளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப சும்மா சுத்தி வந்தாலே காசு கூடுது."

"கூடினால்," என்றார் ஐஸ் அண்ணை, "எனக்குப் பயம் பிடிக்கும்."

மாமா அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார். அது நகைச்சுவை அல்ல. வாங்குவதும் விற்பதும் அவருடைய வேலையே அல்ல. கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்துக்காக, இலாபம் என்று கணினிகள் காட்டுகிறவை மெய்தானா என்று சோதித்துச் சொல்வதே அவர் வேலை. திரையில் இலாபம் பச்சை வரியாக விழும். பச்சை விழுந்தவுடன் அவர் முகம் வாடும். "இன்னொருக்காப் பாப்பம்" என்பார். மேசையில் ஒரு கொப்பி இருந்தது. அதன் மட்டையில் 'பிழைகள்' என்று எழுதியிருந்தார். பழைய விலை புதிய விலையாக நுழைந்தது, ஒரு பூச்சியம் விடுபட்டது, தரகுக் கூலியைக் கழிக்க மறந்தது என்று அதற்குள் பக்கம் பக்கமாக இருந்தது. ஏறக்குறைய எல்லாப் பச்சையும் இறுதியில் அந்தக் கொப்பிக்குள்தான் போய்ச் சேர்ந்தது.

கொப்பியோடு அந்தக் குணம் நின்றுவிடவில்லை. மருத்துவமனையில் இரத்த அழுத்தம் நன்றாக இருக்கிறது என்று தாதி சொன்னபோது, அந்தக் கருவியில் தனக்கு முன் பார்த்தவருக்கு எவ்வளவு காட்டியது என்று கேட்டவர் அவர். பக்கத்து வீட்டுக்காரர் வழக்கத்தைவிடப் பெரிய மீன் ஒன்றைக் கொடுத்தனுப்பினால், அதைத் தூக்கிக்கொண்டு போய், "இது வேற ஆருக்கோ வைச்சதோ?" என்று கேட்டுவிட்டே சமைப்பார். மாகாணப் பேச்சுப் போட்டியில் முதலிடம் பெற்றுக் கிண்ணத்தோடு நான் அவரிடம் போனேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த காலம். மேடைகளே என் உலகமாக இருந்த காலம். அவர் கிண்ணத்தைக் கையில் வாங்கி, அடியில் எழுதியிருந்ததைப் படித்து, பிறகு கேட்டார்:

"வழமையா முதலாவதா வாற அந்த யாழ்ப்பாணப் பிள்ளைக்கு அண்டைக்கு என்ன வருத்தம்?"

எனக்குச் சுரீரென்றது. ஒரு கிழமை அவருடைய வாசலை மிதிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு அன்று தொண்டை அடைத்துப் போயிருந்தது என்பது எனக்கு முன்பே தெரியும் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அவ்வாண்டு வாடைக்காற்று ஓயும் காலத்தில் அவருக்கு ஒரு சிக்கல் வந்தது. விசிறி இரைச்சலில் பிள்ளைகள் படிக்க முடியவில்லை, பின்னேரங்களில் மின்சாரம் மங்குகிறது, உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது என்று சங்கத்துக்கு முறைப்பாடுகள் போயின. அவரைக் கட்டடத்திலிருந்து எழுப்பிவிடுவதா என்று முடிவு செய்யக் கூட்டம் வைத்தார்கள். கூட்டத்தில் பேச அவருக்கு வராது. நான் பேசுகிறேன் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நான்கு குறிப்புகள் எழுதித் தந்தார். இரைச்சலுக்குத் தடுப்பு வைப்பார். மின்சாரத்துக்குத் தனி இணைப்பு எடுப்பார். விரும்பியவர்கள் வந்து பார்க்கலாம். நான்காவது இப்படி இருந்தது: 'இந்த இயந்திரங்கள் காட்டும் இலாபத்தில் பெரும்பாலானது பிழை. பிழையில்லாததும் கைக்கு எட்டுமுன் மறைந்துவிடும். இதில் ஊரவர் எவரும் பணம் போடவோ எடுக்கவோ முடியாது.'

"நாலாவதை மட்டும் விட்டிடாதீங்கோ தம்பி."

"ஓம் அண்ணை" என்றேன்.

விட்டுவிட்டேன். மறதியால் அல்ல, தெரிந்தே விட்டேன். பலவீனத்தில் முடியும் உரை தோற்கும் என்று எனக்குக் கற்பித்திருந்தார்கள். நானும் அதை நம்பினேன். நான்காவது குறிப்பின் இடத்தில் என் சொந்தச் சரக்கை வைத்தேன். "நியூயோர்க்கும் இலண்டனும் தோக்கியோவும் தங்களுக்குள் ஒளித்து வைத்திருக்கும் இடைவெளியை, பேசாலைத் துறையிலே ஒரு பழைய ஐஸ் அறை கண்டுபிடிக்கிறது. உலகத்தின் செல்வம் எந்த வழியால் சுற்றுகிறதென்று அறிந்த கதவு நம் ஊரில் இருக்கிறது. அந்தக் கதவையா நாம் பூட்டப் போகிறோம்?"

கைதட்டல் ஓய நேரம் பிடித்தது. முறைப்பாடு செய்தவர்களே எழுந்து நின்று தட்டினார்கள். பின்வரிசையில் ஒருவர் மட்டும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். வெளியே வந்தபோது என்னைப் பார்த்துக் கேட்டார்: "நாலாவது?"

"நேரம் காணாமப் போச்சுது அண்ணை."

அவர் தலையசைத்தார். நம்பியதற்கான அசைவு அல்ல அது.

அடுத்த ஞாயிறு பாப்பாமோட்டையில் அவருடைய குடும்பத்தின் வயலில் அறுவடை. இரண்டு நாள் நிற்கவேண்டும் என்று, மின்சாரம் போனால் இயந்திரங்களை முறைப்படி நிறுத்துவதற்காகத் கதவுத் திறப்பை என்னிடம் தந்துவிட்டுப் போனார். அன்று பின்னேரமே சங்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேரை நான் உள்ளே அழைத்துப் போனேன். 'வந்து பார்க்கலாம்' என்பது அவர் தந்த மூன்றாவது குறிப்புத்தானே என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். மணலோடு காற்று அடித்தது. விருந்தினர் கண்ணில் மணல் விழக்கூடாதென்று இயந்திரங்களின் சூடு வெளியேற அவர் வெட்டியிருந்த பலகை யன்னலைச் சாத்தப் போனேன். யன்னலுக்கு வெளியே ஒரு கம்பியின் நுனியில் சிறிய கறுப்புத் தட்டு ஒன்று தொங்கியது. பலகையை இழுக்க அது இடைஞ்சலாக இருந்தது. தட்டை உள்ளே எடுத்து, அலுமாரிக்குப் பின்னால் விட்டுவிட்டு யன்னலைச் சாத்தினேன். பிறகு திரையருகே நின்று, கையை நீட்டி, கூட்டத்தில் பேசியதில் பாதியை மீண்டும் பேசினேன். விருந்தினர் போனபின் யன்னலைத் திறந்தேன். தட்டை மறந்துபோனேன்.

அவர் திரும்பி வந்த செவ்வாய்க்கிழமை திரை முழுவதும் பச்சையாக இருந்தது.

அப்படி ஒன்றை நான் முன்பு கண்டதில்லை. ஒவ்வொரு நாளும் ஒன்றிரண்டாக விழுந்து கொப்பிக்குள் போகிற பச்சை, இப்போது மழைபோல விழுந்தது; நாளுக்கு நாள் கூடியது. அவர் ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார். பழைய விலை இல்லை. பூச்சியம் விடுபடவில்லை. கூலி கழிக்கப்பட்டிருந்தது. கொப்பியில் இருந்த எந்தப் பிழையும் அதில் இல்லை. கொழும்பிலிருந்து தொலைபேசியில் மகிழ்ச்சி பொங்கியது. உறுதிப்படுத்திக் கையெழுத்து வையுங்கள், மெய்யான பணத்தை இறக்கப் போகிறோம் என்றார்கள். "பொறுங்கோ, இன்னொருக்காப் பாப்பம்" என்று அவர் சொல்ல, வெள்ளி மத்தியானம்வரை தவணை தந்தார்கள். அவர் சாப்பாட்டைத் தொடவில்லை. தேநீர்க் கோப்பைகள் அரைவாசி குடித்தபடி மேசையில் சேர்ந்துகொண்டே போயின.

இந்த நிலையில்தான் மாமா வந்தார். அவருடைய படகின் வெளியிணைப்பு எஞ்சின் பழசு. ஐந்தாறு தரம் கயிறு இழுத்தால்தான் பற்றும். ஆனாலும் அது ஒன்றுதான் அவருடைய பிழைப்பு. வங்காலையிலிருந்து ஒருவர் அதை விலைக்குக் கேட்டிருந்தார். சனிக்கிழமை காலை காசோடு வருவதாகப் பேச்சு.

"தம்பி, எஞ்சினைக் குடுக்கப் போறன்," என்று மாமா ஐஸ் அண்ணையிடம் சொன்னார். "அந்தக் காசை உம்மட்டத் தாறன். ஒரு மாதம் சுத்தவிட்டுத் தாரும். புது எஞ்சினாத் திரும்பி வரட்டும்."

ஐஸ் அண்ணையின் முகம் வெளிறியது. "அப்பிடி ஒண்டும் இஞ்ச நடக்கிறேல்லை அண்ணை. நான் காசு வாங்கிறேல்லை. எஞ்சினைக் குடுத்திடாதீங்கோ."

"எல்லாருக்கும் வேண்டாம். எனக்கு மட்டும்."

"இது எல்லாம் பிழையா இருக்கலாம் அண்ணை. நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறன்."

மாமா திரையைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை பச்சை. பிறகு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். வெளியே வந்ததும் என் தோளில் கைபோட்டுக் கொண்டார். "பாத்தியோ மருமோன். குடுக்க மனமில்லை. உண்மையிலயே ஒண்டும் இல்லாட்டி, வா வா எண்டு கூப்பிட்டு வாங்கியிருப்பான். இவன் வேண்டாம் எண்டுறான். அப்ப உள்ளுக்கு இருக்கு."

அந்த வாதத்தை உடைக்க எனக்கு வழி தெரியவில்லை. ஐஸ் அண்ணை மறுக்க மறுக்க ஊர் நம்பியது. புதன்கிழமை இன்னும் இருவர் கதவைத் தட்டினார்கள். ஒருவர் கையில் வளையல் பொட்டலம் இருந்தது.

வியாழன் பின்னேரம் அவர் என்னைக் கூப்பிட்டார். தாள் ஒன்றில் நேரங்களை வரிசையாக எழுதியிருந்தார். விரலை முதல் வரியில் வைத்தார்.

"பச்சை கூடத் தொடங்கினது ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். நாலு மணிக்குக் கிட்ட. அண்டைக்கு இஞ்ச என்ன நடந்தது தம்பி?"

கோபம் ஒரு துளியும் இல்லாமல் கேட்டார். அதனால்தானோ என்னவோ, என் வாய் தானாக முந்திக்கொண்டது.

"ஒண்டும் நடக்கேல்லை அண்ணை."

"ஆரும் வந்தவையோ?"

"ரெண்டு பேர் வந்து எட்டிப் பாத்திட்டுப் போனவை."

"எதையும் தொட்டவையோ?"

"இல்லை."

ஒரு பொய்யை மூன்றாக வெட்டி அடுக்கிச் சொன்னேன். அவர் மீண்டும் திரையின் பக்கம் திரும்பினார். அந்தக் கணத்தில்தான் கறுப்புத் தட்டு என் நினைவுக்கு வந்தது. அது இன்னும் அலுமாரிக்குப் பின்னால் கிடந்தது, என் கைக்கு எட்டும் தூரத்தில். அதை எடுத்து வெளியே தொங்கவிட்டால் நான் தொட்டேன் என்பது தெரிந்துவிடும். எடுக்காமல் வீட்டுக்கு நடந்தேன்.

வழியில் மாமா வீட்டு முற்றத்தில் எஞ்சினை மரக்கட்டையில் மாட்டி, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். உப்புப் படிந்த இடங்களைப் பழந்துணியால் துடைத்துப் பளபளப்பாக்கியிருந்தார். மாமி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். "விக்கப் போற சாமான் வடிவா இருக்கவேணும் மருமோன்," என்றார் மாமா. "உன்ர பேச்சைக் கேட்ட நாளில இருந்து எனக்கு இருப்புக் கொள்ளேல்லை."

அன்று இரவு எனக்குள் வழக்கு நடந்தது. இரண்டு பக்கத்துக்கும் வாதாடப் பழகியவன் நான். அந்தத் தட்டுக்கும் பச்சைக்கும் தொடர்பில்லை என்று ஒரு பக்கம் வாதாடினேன். மறுபக்கம் எழுந்திருக்கவே இல்லை, எழுந்தால் வென்றுவிடும் என்று தெரிந்திருந்தது.

வெள்ளி காலை அறைக்குப் போய், அலுமாரியை நகர்த்தி, தட்டை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். "இது எப்ப இருந்து உள்ளுக்கு?"

"ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். நாலு மணிக்குக் கிட்ட."

அவர் அப்படியே தரையில் அமர்ந்தார். நான் ஏச்சுக்குத் தயாராக நின்றேன். அவர் சிரித்தார். நாள்கணக்கில் அடக்கி வைத்திருந்த மூச்செல்லாம் அந்தச் சிரிப்பில் வெளியேறியது.

அது வானத்தில் சுற்றும் செய்மதிகளிலிருந்து நேரம் வாங்குகிற தட்டு. வானம் தெரிந்தால்தான் வேலை செய்யும். சில சந்தைகளின் விலைகள் தங்கள் நேரத்தைத் தாங்களே எழுதிக்கொண்டு வரும். மற்றவற்றுக்கு இங்கே கதவோரம் இருந்த கணினி ஒன்று நேரம் குறிக்கும். அந்தக் கணினிக்கு நேரம் சொல்வது இந்தத் தட்டு. வானம் மறைந்ததும் கணினி தன் சொந்தக் கடிகாரத்தில் நடக்கத் தொடங்கி, சிறிது சிறிதாகப் பின்தங்கியது. ஆகவே இப்போது வந்த விலைக்குச் சற்று முந்திய நேரத்தைக் குறித்தது. இனி வரப்போகும் விலையை முன்கூட்டியே அறிந்தவனுக்கு எந்தச் சந்தையில்தான் இலாபம் இல்லை? எதையும் நம்பாத அந்த மனிதர் நேரத்தை மட்டும் நம்பியிருந்தார். கொப்பியில் அதற்கு ஒரு வரி இருக்கவில்லை.

தட்டை வெளியே தொங்கவிட்டோம். கடிகாரம் வானத்தோடு சேர்ந்துகொண்டதும் புதிய பச்சை நின்றது. பின்தங்கிய அளவைக் கூட்டிப் பழையவற்றைத் திரும்ப ஓட்டினார். மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாக அவை அழிந்தன. கொப்பியைத் திறந்து 'நேரம்' என்று எழுதி அடிக்கோடிட்டார். பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

"நேற்றுக் கேக்கேக்க ஏன் சொல்லேல்லை?"

நான் அலுமாரியைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன்.

மத்தியானத்துக்கு முன் கொழும்புக்கு உண்மையைச் சொன்னார். யாரால் நடந்தது என்று சொல்லவில்லை. தன் அறையில் நடந்தது, தன் பொறுப்பு என்றார். பணம் இறங்கவில்லை. நன்றி சொன்னார்கள். அதோடு, வேலையை வேறிடத்துக்கு மாற்றுவதாகவும் சொன்னார்கள்.

"அது போகட்டும்," என்றார் என்னிடம். "இந்த இயந்திரங்களுக்கு வேற வேலை எடுக்கலாம், இஞ்ச இருந்தே செய்யலாம். மாமாவிட்டப் போய்ச் சொல்லுங்கோ. எஞ்சின் கவனம்."

ஓடினேன். மாமா துறையில் வலை உலர்த்திக்கொண்டு இருந்தார். சுற்றிவர நாலைந்து பேர். எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். பச்சை பொய், என் கையால் வந்த பிழை, கூட்டத்தில் நான் ஒரு குறிப்பை வேண்டுமென்றே மறைத்தேன், இதில் காசு போட வழியே இல்லை. என் வாழ்வில் அலங்காரம் இல்லாமல் பேசிய முதல் உரை அதுதான். ஒவ்வொரு சொல்லும் உண்மை. குரல் நடுங்கியது.

மாமா பொறுமையாகக் கேட்டார். பிறகு மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார்: "அண்டைக்கு இவன் எப்பிடிப் பேசினவன், ஞாபகமிருக்கோ? சிங்கம் மாதிரி. இண்டைக்குப் பாருங்கோ. ஆரோ சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்கினம்."

"இல்லை மாமா, சத்தியமா—"

"மருமோன், உனக்குப் பொய் பேச வராது. அதை விடு. நாளைக்கு வங்காலையான் வாறான்."

வலைகளுக்கு நடுவே சிரிப்பு எழுந்தது. திரும்பி வந்து நடந்ததை ஐஸ் அண்ணையிடம் சொன்னேன். அவர் யன்னலால் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். விசிறிகள் இரைந்துகொண்டிருந்தன.

"இந்தச் சத்தம் கேக்குமட்டும் அவர் நம்புவார்," என்றார். "நான் வாங்காட்டி வேற ஆரும் வந்து, ஐஸ் அண்ணையின்ர ஆள் எண்டு சொல்லி வாங்குவாங்கள். எஞ்சின் போனால் போனதுதான்."

மீன் ஏற்றும் லொறி ஒன்றைத் தொலைபேசியில் கூப்பிட்டார். ஒவ்வொரு கணினியாக நிறுத்தினார். கடைசி விசிறி நின்றபோது தெருவில் விளையாடிய பிள்ளைகள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நான்கு மணியளவில் லொறி நிறைந்துவிட்டது. துறைக்குக் கேட்கும்படி, பார்க்கும்படி, பிரதான தெருவாலேயே போகச் சொன்னார். ஏறுவதற்கு முன் என் கையைப் பிடித்தார்.

"ஒரு உதவி தம்பி. இனி எனக்காக எங்கேயும் பேசாதீங்கோ."

அதனால்தான் பெயரில்லை. இவ்வளவு எழுதியதே அந்த வாக்கை மீறியதாகுமோ என்ற கலக்கம் எனக்கு இருக்கிறது.

சனிக்கிழமை வங்காலைக்காரர் காசோடு வந்தார். கொண்டுபோய்க் கொடுக்க இடமில்லாத காசுக்கு மாமா எஞ்சினை விற்பாரா? வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, பூட்டிய ஐஸ் கதவின் முன்னால் நின்று ஐஸ் அண்ணையை வாயில் வந்தபடி திட்டினார். முழு இலாபத்தையும் அள்ளிக்கொண்டு ஓடிவிட்டார் என்பது அன்றே ஊரின் தீர்ப்பாயிற்று. இன்றும் அதுதான் தீர்ப்பு. மறுத்துப் பேசுமளவுக்கு என்னிடம் நம்பத்தகுந்த குரல் இல்லை. அதை நானே செலவழித்துவிட்டேன்.

இப்போது நான் சட்டம் படிக்கிறேன். சென்ற விடுமுறையில் ஒரு காலை மாமாவோடு துறைக்குப் போனேன். கடல் சற்றுக் கலங்கி இருந்தது. அவர் படகைத் தண்ணீரில் தள்ளி, அதே எஞ்சினின் கயிற்றைப் பிடித்து இழுத்தார். முதல் இழுப்பிலேயே அது பற்றியது.

"பாத்தியோ!" என்றார் மாமா. "ஒரே இழுப்பு. உன்ர ஐஸ் அண்ணை எந்த மாளிகையில இருக்கிறானோ, என்ர எஞ்சின் இன்னும் இளந்தாரி."

"நிப்பாட்டிப்போட்டு இன்னொருக்கா இழுங்கோ மாமா."

"என்னத்துக்கு?"

"இன்னொருக்காப் பாப்பம்."

மாமா என்னை முறைத்தார். "அந்தாளின்ர வருத்தம் உனக்கும் பிடிச்சிட்டுது." ஆனாலும் நிறுத்தினார். பெருமையோடு கயிற்றைச் சுற்றி இழுத்தார். பற்றவில்லை. மறுபடி இழுத்தார். பத்துத் தரம் இழுத்தும் அது இருமக்கூட இல்லை.

தூரத்தில் அலை உடைகிற இடத்தை, எஞ்சின் நின்றால் படகு தப்பாத இடத்தை, அவர் ஒருமுறை பார்த்தார். பிறகு மூடியைக் கழற்றி, பிளக்கைத் துடைக்கத் தொடங்கினார். நான் பழந்துணியை எடுத்துக் கொடுத்தேன்.